கேள்வி - பதில்: கார்ட்டூனில் கியூபா எதற்கு?

கேள்வி: பிளஸ் டூ பிள்ளைகளுக்காக, அங்கிள் சாம் (அமெரிக்காவைக் குறிக்கும் உருவம்) வாத்தியாராக நிற்கிற பழைய கார்ட்டூனை எடுத்து வைத்திருக்கிறேனுங்க. முன்பெஞ்சில் நான்கு குழந்தைகள்: ஹவாய், பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, கியூபா. அந்த நான்கு நாடுகளையும் அமெரிக்கா தன்னோடு இணைத்துக்கொண்டது என்று சொல்லித்தரலாமுங்களா?
- ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: சொல்லாதீங்க டீச்சர், கியூபா இடிக்கும். ஹவாய் 1898 ஜூலையிலேயே இணைக்கப்பட்டுவிட்டது. ஒப்பந்தமாகப் போனால் செனட்டில் (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை) மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேறாது. அதனால் சாதாரணப் பெரும்பான்மையே போதுமான கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்தார்கள். பிலிப்பைன்ஸும் போர்ட்டோ ரிக்கோவும் ஸ்பெயினோடு நடந்த போருக்குப் பிறகு, அதே வருஷம் டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் வந்தவை. கியூபாவை இணைப்பதில்லை என்று அந்தப் போருக்கு முன்பே, டெல்லர் திருத்தம் என்கிற நாடாளுமன்றத் தீர்மானத்தில் எழுதிக்கொடுத்திருந்தார்கள். அமெரிக்க ராணுவம் கியூபாவில் போய் உட்கார்ந்தது, அது வேறு கதை.

படம் பார்க்கும்போது முதலில் தேதியைப் பாருங்க. லூயி டால்ரிம்பிள் வரைந்த இது 'பக்' என்கிற அமெரிக்க நகைச்சுவை இதழில் வந்தது 1899 ஜனவரி 25. பாரிஸ் ஒப்பந்தத்தின் மேல் செனட் ஓட்டெடுப்பு பிப்ரவரி 6: ஆதரவு 57, எதிர்ப்பு 27. தேவைக்கு ஒரே ஒரு ஓட்டு கூடுதல்! ஆக, வழக்கு நடக்கும்போதே ஒரு கட்சிக்காரர் போட்ட வாதம் இது.

அப்புறம் ஓரங்கள். கதவருகே சீனப் பையன், ஜன்னல் துடைக்கும் கறுப்பினத்தவர், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் செவ்விந்தியர். இந்த மூவரையும் விட்டால் பாதிப் படம் போச்சு. சம்மதம் கேட்காமலே ஆளலாம் என்கிற வாதம் கரும்பலகையில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஏ4 பிரிண்டில் தெரியாது, ஏ3-யில் எடுங்க.