‘ஏதாவது தேவைன்னா சொல்லுங்க’ போதாது: சபை விசாரிப்பு பற்றிக் கேள்வி பதில்

செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் சபையின் விசாரிப்புக் குழுவைப் பல வருடமாக நடத்தி வருகிறேன். சபை மக்களைக் கவனிப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன். என் எல்லைக்கு வெளியே உள்ளதற்கு யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

சபைச் செயலாளர் ஒருவர்: இருநூறு குடும்பம், ஒரே போதகர். யாரையும் சரியாக விசாரிப்பதில்லை என்று குறை வருகிறது. எங்கே தொடங்குவது?

போதகர் தோளிலிருந்து தொடங்குங்கள் ஐயா. அந்தப் பாரத்தை முதலில் பிரியுங்கள். ஜனங்களின் வழக்குகளைத் தீர்க்கக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்திருந்த மோசேயைப் பார்த்து அவர் மாமன் எத்திரோ சொன்னது, இப்படிச் செய்தால் நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதுதான். பத்துப் பேருக்கு ஒருவர் என்கிற அளவு வரை பொறுப்பைப் பிரிக்கச் சொன்னார் (யாத்திராகமம் 18).

அப்போஸ்தலர் 6-ஐயும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழும்பியது. அப்போஸ்தலர்கள் அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்துவிட்டு நகரவில்லை. ஏழு பேரைப் பெயர் சொல்லி நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் விடுபட்டதோ அந்தப் பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது. உங்கள் குழுவிலும் பழைய குடும்பங்கள் மட்டும் உட்கார்ந்தால், புதிதாக வந்தவர், தனியாக வாழ்கிறவர், வேறு மொழி பேசுகிறவர் மறுபடி விடுபடுவார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். சபைப் பட்டியலை எடுத்து எட்டு அல்லது பத்து வீட்டுக்கு ஒருவர் என்று பிரியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் எல்லாரும் பத்து நிமிடம் ஒரு மூலையில் கூடி, இன்று யாரைக் காணோம் என்று மட்டும் பார்க்கட்டும். இரண்டு வாரம் தொடர்ந்து காணாவிட்டால் போன். அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் நேரில். போனில் “ஏன் வரலை?” என்று ஆரம்பிக்கக் கூடாது, அது வருகைப் பதிவு எடுப்பதாகிவிடும். “உங்களைப் பார்க்கலையே, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில்தான் விஷயம் வெளியே வரும்.

1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்டுகள், அதாவது ஜான் வெஸ்லியின் எழுப்புதல் இயக்கத்தார், கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கத் தீர்மானித்தார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட பிரிவுக்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளின் உண்மை நிலைமையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். தாம் வெகுகாலமாகத் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்குப் பிடிபட்டது. கடன் வசூலுக்குப் போட்ட ஏற்பாடு ஆத்தும விசாரிப்பாக மாறியது அப்படித்தான். போய்ப் பார்க்க ஒரு ஆளும் போக ஒரு காரணமும் இருந்தால் மற்றது தானாக நடக்கும்.

இளைஞர் குழுப் பொறுப்பாளர்: ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது அக்கா? எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அது நல்லதுதான் தம்பி, அங்கே அதிகம் பேசுகிறவர்களால்தான் தொந்தரவு. முதலில் வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். உள்ளே போகுமுன் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், நின்றபடியும் பேசாதீர்கள். நாற்காலியை இழுத்து அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பதினைந்து நிமிடம் போதும். உங்கள் உறவினருக்கும் இதே வியாதி வந்த கதை வேண்டாம். டாக்டர் சொன்னதற்கு மாற்று யோசனை வேண்டாம். “ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் சுருக்கமாக, மெதுவான குரலில். பக்கத்துக் கட்டிலிலும் ஒருவர் வலியோடு படுத்திருக்கிறார்.

போகும்போது கூட இருக்கும் துணையாளரையும் கவனியுங்கள். “நான் ஒரு மணி நேரம் இருக்கிறேன், நீங்கள் போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்” என்று சொன்னால், அது அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பெரிய ஊழியமாக இருக்கும்.

இன்னொன்று. அங்கே பார்த்ததை வெளியே வந்து யாரிடமும் சொல்லாதீர்கள், ஜெபக்குறிப்பு என்ற பெயரில்கூட. இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

ஒரு சகோதரி: அபிஷேக எண்ணெய் எந்த எண்ணெயாக இருக்க வேண்டும்?

உங்கள் போதகரிடம் கேளுங்கள் அம்மா, அது என் துறை இல்லை.

பெண்கள் ஐக்கியத் தலைவி: கணவரை இழந்தவர்களுக்கு எங்கள் சபை நன்றாகவே செய்கிறது. அடக்க ஆராதனை, ஒரு வாரம் சாப்பாடு, எல்லாம். இதற்கு மேலும் செய்ய ஏதாவது இருக்கிறதா?

நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். முதல் வாரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். அப்போதுதான் அவருக்கு இழப்பு முழுதாக உறைக்கத் தொடங்கும். அதனால் அடக்கம் முடிந்த அன்றே ஒரு நாட்குறிப்பில் எழுதிவையுங்கள்: ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் வருடம். ஒவ்வொரு தேதிக்கும் யார் போக வேண்டும் என்று பெயரோடு எழுதுங்கள். போனால் இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைச் சொன்னால் அழுவாரே என்று பயப்பட வேண்டாம். அந்தப் பெயரை யாருமே சொல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னவர்கள் அநேகர்.

“ஏதாவது தேவைன்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தன் தேவையைப் பட்டியல் போட்டு, யாரைக் கேட்பது என்று யோசிக்கத் தெம்பு இருக்காது. “செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், பென்ஷன் காகிதங்களைச் சேர்ந்து பார்க்கலாம்” என்று சொல்லுங்கள். வங்கிக் கணக்கு, காப்பீடு, வாரிசுச் சான்று, இறப்புச் சான்றின் நகல்கள்: இந்த அலைச்சல் ஒரு மனுஷியை உடைத்துவிடும். கணக்கு தெரிந்த ஒருவர் சபையில் இருப்பார், அவருக்கு இது ஊழியம்.

வசனம் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்பது சத்தியம்தான், ஆனால் சவப்பெட்டி பக்கத்தில் நின்று அதைச் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

ஒருவர்: எங்கள் போதகர் வீட்டுக்கு வருவதே இல்லை. என்ன செய்வது?

முதல் பதிலைப் பாருங்கள்.

பொருளாளர்: கஷ்டத்தில் இருப்பவருக்குச் சபை நிதியிலிருந்து கடனாகக் கொடுப்பதா, இனாமாகவா?

இனாமாக. கடன் கொடுத்தால் அவர் சபைக்கு வருவதை நிறுத்துவார். பொருளாளர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, பின்வரிசைக்குப் போய், பிறகு காணாமல் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையை மட்டும் கொடுங்கள். முடிந்தவரை வாடகை, மருந்து, கட்டணம் என்று செலுத்த வேண்டிய இடத்திலேயே செலுத்துங்கள். தீர்மானிக்க இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும், ஒருவர் கையில் விடாதீர்கள். காணிக்கையைக் கொண்டுபோகும்போது பவுலே தனியாகப் போகாமல், யாரும் குற்றம் சொல்லாதபடி சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). சபைக்குத் தொகையைக் காட்டுங்கள், பெயரைக் காட்டாதீர்கள். வருஷக் கூட்டத்தில் ‘இத்தனை குடும்பங்களுக்கு இவ்வளவு’ என்றால் போதும்.

வேதம் சொந்தக் குடும்பத்துக்கும் பொறுப்பு வைக்கிறது (1 தீமோத்தேயு 5). “பிள்ளைகளுக்குத் தெரியுமா?” என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கையை விரிப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு மூப்பர்: ஜெபக்குறிப்பைப் பகிரக் கூடாது என்கிறீர்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் பெயரும் வியாதியும் போடுகிறோம், முந்நூறு பேர் ஜெபிக்கிறார்கள். தெரியாமல் எப்படி ஜெபிப்பது? இது அவிசுவாசம் இல்லையா?

ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. அவரைக் கேட்டீர்களா என்றுதான் கேட்கிறேன். யாக்கோபு 5:14-ல் வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கிறான். அழைப்பது அவன், வருவது மூப்பர்கள். மூப்பர்கள் போய்ச் சபைக்கு அறிவித்தார்கள் என்று அங்கே இல்லை. வியாதியின் பெயர் இல்லாமல் “நம் சகோதரர் ஒருவர் சிகிச்சையில் இருக்கிறார்” என்று ஜெபித்தாலும் கர்த்தருக்கு யார் என்று தெரியும்.

அதே மூப்பர்: அடுத்த வசனங்களையும் படியுங்கள் சகோதரி. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது. சபை ஒரு குடும்பம், குடும்பத்தில் மறைவு எதற்கு?

அறிக்கையிடுவது என்றால் என் வாயால் நான் சொல்வது. எனக்காக இன்னொருவர் முந்நூறு பேருக்கு அனுப்புவது வேறு காரியம். அந்தச் செய்தி குழுவோடு நிற்பதும் இல்லை. வேலை கொடுத்தவருக்குப் போகும், பெண் கேட்டு வந்த வீட்டுக்குப் போகும். புற்றுநோய், மனநோய், குழந்தையின்மை, பிள்ளையின் போதைப் பழக்கம்: எதெல்லாம் அதிகம் ஜெபம் கேட்கிறதோ, அதெல்லாம்தான் வெளியே போனால் அதிகம் காயப்படுத்துகிறது.

இடையில் ஒரு சகோதரி: எனக்குக் கரு கலைந்ததை என்னைக் கேட்காமல் ஆராதனையில் அறிவித்தார்கள். நல்லெண்ணத்தில்தான். நான் இன்னும் அந்தச் சபைக்குப் போக முடியவில்லை.

மூப்பர் ஐயா, இதைத் தயவுசெய்து வாசியுங்கள். சகோதரி, நடந்தது தவறு. உங்கள் துக்கத்தை எப்போது, யாரிடம் சொல்வது என்பது உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

ஒரு போதகர்: மூப்பருக்காக ஒன்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ரகசியமாக வைத்தால் மனநோய் போன்றவற்றுக்கு வெட்கம்தான் வளரும். ஒருவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் எங்கள் சபையில் மற்றவர்கள் வாய் திறந்தார்கள்.

இதை ஒத்துக்கொள்கிறேன் பாஸ்டர், முழு மனதோடு. ஆனால் உங்கள் சபையில் அவரே சொன்னார். அதனால்தான் மற்றவர்கள் தைரியம் கொண்டார்கள். மூப்பருக்கும் ஒரு வழி சொல்கிறேன்: குழுவில் போடுமுன் எழுதிய வரியை அப்படியே நோயாளிக்கு வாசித்துக் காட்டுங்கள். “இப்படிப் போடலாமா? யார் யாருக்கு?” அநேகர் சரி என்பார்கள். சிலர் ஒரு சொல்லை எடுக்கச் சொல்வார்கள். அரை நிமிட வேலைதான் ஐயா.

அதே மூப்பர்: மயக்கத்தில் இருப்பவரை எப்படிக் கேட்பது?

மனைவியை, கணவரை, பிள்ளைகளைக் கேளுங்கள். இத்தோடு இதை நிறுத்திக்கொள்கிறேன், மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

ஒருவர்: எங்கள் ஐக்கியத்தில் ஒரு வாலிபன் “செத்துவிடலாம் போல இருக்கிறது” என்கிறான். உபவாச ஜெபம் வைக்கலாமா?

ஜெபியுங்கள், ஆனால் இன்றைக்கே மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். “தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் ஆபத்தானவற்றையும் கைக்கெட்டாமல் வையுங்கள். விசுவாசக் குறைவு, பிசாசு என்று ஒரு வார்த்தை வேண்டாம். உடனே ஆபத்து என்று தோன்றினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு சகோதரி: கணவர் அடிக்கிறார் என்று ஒருவர் சொன்னார். இருவரையும் உட்கார வைத்துப் பேசலாமா?

வேண்டாம். கணவர் எதிரில் பேச வைத்தால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழும். அந்தச் சகோதரியைத் தனியாகச் சந்தியுங்கள், பாதுகாப்பான இடம் உண்டா என்று பாருங்கள். சட்ட உதவிக்கும் காவல்துறைக்கும் அவர் விரும்பும்போது கூடப் போங்கள். சிறுபிள்ளைக்குக் கொடுமை நடந்திருந்தால் சபைக்குள் விசாரணை வைக்காமல் உடனே அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். மேலே ரகசியம் பற்றி நான் சொன்னது எதுவும் அங்கே பொருந்தாது. அதனால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒருவர்: போதகர் சந்திப்புக்கு வராவிட்டால் சபை மாறலாமா?

மூன்றாம் முறையாக இதே கேள்வி. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிட்டர்மின்ஸ்டரில் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற போதகர், தன் உதவியாளரோடு, திங்களும் செவ்வாயும் முழுநாளும் ஒதுக்கி வாரம் பதினைந்து பதினாறு குடும்பங்களைச் சந்தித்தார். எண்ணூறு குடும்பத்துக்கும் மேல் இருந்த ஊரைச் சுற்றிவர அவருக்கே ஒரு வருடம் வேண்டியிருந்தது. அதனால்தான் பொறுப்பைப் பிரிக்கச் சொல்கிறேன். நீங்களும் எட்டு வீடுகளை எடுத்துக்கொள்கிறேன் என்று போதகரிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஒரு மகள்: அம்மா இரண்டு வருடமாக வீட்டைவிட்டு வரமுடியவில்லை. சபை தன்னை மறந்துவிட்டது என்கிறார்.

திருவிருந்து நாளில் அன்றைக்கே அவருக்கும் கொண்டுவர முடியுமா என்று உங்கள் போதகரிடம் கேளுங்கள். சுமார் கி.பி. 155-ல் ஆதிச்சபை எழுத்தாளர் ஜஸ்டின் எழுதியதிலேயே, வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. இது புதுச் சலுகை இல்லை. பெரிய எழுத்தில் பாட்டுத்தாளும் அன்றைய பிரசங்கப் பதிவும் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு, அம்மாவுக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். அந்த வாரம் பிறந்தநாள் வருகிறவர்களுக்கு அவர் போன் செய்யட்டும். விசாரிக்கப்படுகிறவராக மட்டுமே வைத்தால் மனம் சோர்ந்துபோகும்.

ஒருவர்: மறதி நோயால் நினைவு தப்பிய மனைவியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் அவளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

ஐயா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்களுக்குத் தேவை வாரத்தில் இரண்டு மணி நேரம், ஒரே கிழமை, ஒரே ஆள். ஆள் மாறினால் அம்மா கலங்குவார்கள். வருகிறவர் முதல் சில முறை உங்களோடு சேர்ந்து உட்காரட்டும். எந்தப் பாட்டுக்கு அமைதியாவார், எந்தக் கதவைத் திறந்தால் பதறுவார் என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு நீங்கள் வெளியே போகலாம். மருந்து வாங்கத்தான் போக வேண்டும் என்றில்லை. சும்மா நடந்துவிட்டு வரலாம். இந்தப் பதிலை உங்கள் சபை மூப்பரிடம் காட்டி, “வியாழக்கிழமைக்கு ஒருவர் வேண்டும்” என்று கேளுங்கள்.

விசாரிப்புக் குழு உறுப்பினர்: ஐந்து வருடமாகச் செய்கிறேன். இப்போது போன் அடித்தாலே பயமாக இருக்கிறது.

அடுத்த மாதமே இறங்கிவிடுங்கள், குறைந்தது ஆறு மாதம். உங்கள் வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்று குழுத் தலைவரோடு இந்த வாரமே உட்காருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் புதியவரை ஒருமுறை நேரில் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள், அவர்கள் கைவிடப்பட்டதாக நினைக்கக் கூடாது. பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அதையும் அன்றே எழுதச் சொல்லுங்கள்.