இலங்கைத் திரைப்படத் துறையை வளர்க்க ஒரு பத்தாண்டுத் திட்டம் போட்டால் எதில் தொடங்குவீர்கள்?

இரண்டாவது படத்தில் தொடங்குவேன்.

கேள்வி கேட்டவர் கீழே சில தெரிவுகளையும் கொடுத்திருக்கிறார்: பெரிய ஸ்டூடியோ கட்டுவதா, வெளிநாட்டுப் படக்குழுக்களைச் சலுகை கொடுத்து அழைப்பதா, திரைப்படக் கல்லூரி திறப்பதா, தமிழ்ப் படங்களுக்குத் தனி நிதி வேண்டுமா. நாலும் ஏதோ ஒரு வடிவில் வேண்டியவைதான். ஆனால் திட்டம் சரியாகப் போகிறதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கணக்கைத்தான் கேட்பேன். முதல் படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் ஐந்து வருடத்துக்குள் இரண்டாவது படம் எடுத்தார்கள்?

முதல் படத்தை எப்படியாவது எடுத்துவிடலாம். அம்மாவின் நகை, கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பும் காசு, சம்பளம் வாங்காமல் வேலை செய்யும் சிநேகிதர்கள். இரண்டாம் தடவை நகையும் இருக்காது, அண்ணனிடம் கேட்க முகமும் இருக்காது, சிநேகிதர்களுக்கும் குடும்பமாகியிருக்கும். அப்போதும் ஒருவரால் படம் எடுக்க முடிகிறது என்றால்தான் அந்த நாட்டில் திரைப்படத் துறை இருக்கிறது என்று சொல்லலாம்.

நான் திருகோணமலைக்காரன். கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பதுதான் வருமானம். வேலை இல்லாத நாட்களில் குறும்படங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறேன். நான் சொல்வதெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்துச் சொல்வது.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1962 இல் 'சமுதாயம்', அடுத்த வருடம் 'தோட்டக்காரி', 1972 இல் 'குத்துவிளக்கு', 1978 இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 'வாடைக்காற்று'. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் சொத்தை வைத்து, வேலையை விட்டு உழைத்த மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் பலருக்கு அந்த ஒரு படத்தோடு எல்லாம் நின்றுபோனது. விதிவிலக்காக உடனே ஞாபகத்துக்கு வருபவர் வி. பி. கணேசன். 'புதிய காற்று' (1975), 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) என்று மூன்று படங்கள். அவர் மலையகத் தொழிற்சங்கத் தலைவர். தன் படத்தை யார் பார்க்க வருவார்கள், அவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஊர்த் தியேட்டருக்கு வருவார்கள் என்று தெரிந்த மனிதர். இரண்டாவது, மூன்றாவது படங்களுக்கு அவருக்குக் கைகொடுத்தது அந்த அறிவுதான் என்று நினைக்கிறேன். இன்றைக்குப் படம் எடுப்பவர்களிடம் இல்லாததும் அதுதான்.

அதனால் திட்டத்தின் முதல் காசு டிக்கெட் கணக்குக்குப் போக வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கும். ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் குறும்படங்கள் சிலவற்றைச் சேர்த்து ஊரில் ஒரு மண்டபத்தில் காசுக்குக் காட்டினோம். அதற்கு முன் டிக்கெட் புத்தகங்களை உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உத்தியோகத்தர் ஒருவர் ஊதா மையில் ஒவ்வொரு டிக்கெட்டிலும் முத்திரை குத்தித் தந்தார், அடிக்கட்டையிலும் பாதி விழுகிற மாதிரி. காட்சி முடிந்து விற்காத டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, விற்றவற்றுக்குக் களியாட்ட வரி கட்டினோம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்கு ஒரு ஆள் பிசகாமல் தெரிந்தது அன்றைக்குத்தான். இதே ஊரைச் சேர்ந்த நண்பர் ஒருவரின் முழுநீளப் படம் வெளியூர்த் தியேட்டர் ஒன்றில் ஓடியபோது அவருக்குக் கிடைத்தது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிய மொத்தத் தொகை மட்டும். எந்தக் காட்சிக்குக் கூட்டம் வந்தது, ஞாயிறு பின்னேரம் குடும்பங்கள் வந்தனவா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இதை வைத்துக்கொண்டு எந்த வங்கியில் போய் அடுத்த படத்துக்குக் கடன் கேட்பது?

தென்கொரியாவில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். அங்குள்ள திரைப்படச் சபை ஒரு கணினி வலையமைப்பை நடத்துகிறது. நாடு முழுக்கத் தியேட்டர்களில் விற்கும் டிக்கெட்டுகள் அதில் பதிவாகின்றன. நேற்று எந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். கொரியா என்றதும் எல்லோரும் பேசுவது உள்ளூர்ப் படங்களுக்கான கட்டாயத் திரையிடல் நாட்களைப் பற்றி. அந்த நாட்கள் 2006 இலேயே 146 இலிருந்து 73 ஆகப் பாதியாகக் குறைக்கப்பட்டன. அதற்குப் பிறகும் அவர்கள் வளர்ந்தார்கள். 2007 இல் டிக்கெட் விலையில் 3 சதவீதம் திரைப்பட நிதிக்குப் போகும் ஏற்பாடு வந்தது. கணக்கு திறந்திருந்ததால் அந்த 3 சதவீதத்தை ஒழுங்காக வசூலிக்கவும் முடிந்தது.

பிரான்ஸின் ஏற்பாடு இன்னும் பழையது, என் பார்வையில் இன்னும் நல்லது. அங்கே 1946 இல் தேசியத் திரைப்பட நிலையத்தை அமைத்தார்கள். இன்று ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் வரியாக அந்த நிலையத்துக்குப் போகிறது. ஹொலிவூட் படம் பார்த்தாலும் அதே வரிதான். படம் ஓடி முடிந்ததும், அதன் பிரெஞ்சுத் தயாரிப்பாளருக்கு விற்ற டிக்கெட்டுகளுக்கு ஏற்ப ஒரு தொகை கணக்கில் சேர்கிறது. அதை எடுத்துச் செலவழிக்க முடியாது, அடுத்த படத்தில்தான் போட வேண்டும். தியேட்டர்காரருக்கும் ஒரு பங்கு உண்டு, அவர் அதில் இருக்கை மாற்றலாம், திரை மாற்றலாம். நான் முதலில் சொன்ன இரண்டாவது படத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்!

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகரின் படம் வந்தால் கிழக்கு மாகாணம் முழுக்க முதல் வாரம் திருவிழாதான். அந்தக் கூட்டத்தை இழந்த வியாபாரமாகப் பார்த்துக் கவலைப்படுகிற படைப்பாளிகள் நிறையப் பேர் எனக்குத் தெரியும். அந்த ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு சிறு பங்கு இலங்கைப் படத்துக்கு வருமென்றால் அதே கூட்டம்தான் நமக்கு முதலீட்டாளர். சென்னைப் படத்தைத் தடுத்து நம் படத்தை வளர்க்க வேண்டும் என்ற யோசனை எனக்கு ஏற்புடையது இல்லை. 1970களில் இறக்குமதி இறுக்கப்பட்ட காலத்தில் இங்கே தமிழ்ப் படங்கள் கூடுதலாக வந்தது உண்மை. கட்டுப்பாடு தளர்ந்ததும் அந்த அலை நிலைக்கவில்லை. பார்வையாளரை அடைத்து வைத்துப் பெற்ற வளர்ச்சி கதவு திறந்ததும் போய்விடுகிறது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 1971 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. இன்றைய தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் அதுதான். கடன் கொடுத்தார்கள், நல்ல படங்கள் வந்தன. இறக்குமதியும் விநியோகமும் 2000 வாக்கில்வரை அவர்கள் கையில் மட்டும் இருந்தன. எடுத்து முடித்த படம் வெளியாவதற்கு வருடக்கணக்கில் வரிசையில் காத்திருந்தது. வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்போது ஒரு தயாரிப்பாளர் எப்படி இரண்டாவது படத்தை யோசிப்பார்? பிறகு விநியோகம் தனியார் கைக்கும் போனது. ஆட்கள் மாறினார்கள், கணக்கு மட்டும் இன்னும் திறக்கவில்லை.

நாடு சின்னது, சந்தை சின்னது என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 3.8 இலட்சம். ஐஸ்லாந்து என்ற முழு நாட்டின் இன்றைய சனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1979 இலிருந்து அவர்களுக்கென்று ஒரு திரைப்பட நிதி இருக்கிறது, வருடா வருடம் அவர்கள் மொழியில் படம் வருகிறது. இலங்கையில் தமிழ் பேசுபவர்கள் நாலில் ஒரு பங்கு, அதாவது ஐம்பது இலட்சம் பேர்.

சரி, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் குழு எப்படிச் சாப்பிடுவது? வெளிநாட்டுப் படப்பிடிப்புகள் இங்கேதான் உதவும். பல நாடுகள், படக்குழு உள்ளே செலவழித்த தொகையில் 25 முதல் 40 சதவீதம்வரை கணக்கைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கின்றன. ஐஸ்லாந்து 1999 இல் 12 சதவீதத்தில் தொடங்கி, 2022 இல் பெரிய படங்களுக்கு 35 சதவீதம்வரை போனது. நாங்களும் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும்: ஒலி, ஒளிப்பதிவு, கலை, தயாரிப்பு நிர்வாகம் என்று ஒவ்வொரு பிரிவிலும் உள்ளூர்ப் பயிலுநர்கள் சம்பளத்தோடு இருக்க வேண்டும். 1957 இல் வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தைக் கித்துள்கலவில் எடுத்தபோது, அந்தப் படப்பிடிப்பை இளவயதில் பார்த்தவர் சந்திரன் ரட்ணம். பிறகு வெளிநாட்டுப் படங்களுக்கு இங்கே எல்லாம் ஒழுங்குசெய்து கொடுப்பவராக வளர்ந்து, தானும் படம் இயக்கினார். அது தற்செயலாக நடந்தது. திட்டம் என்று ஒன்று இருந்தால் அது ஒவ்வொரு படப்பிடிப்பிலும் நடக்க வேண்டும்.

கொழும்பில் இருந்து திட்டம் போடுபவர்கள் மறக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பக்கம் மழை. எங்களுக்கு அப்போதுதான் வெயில், கடல் கண்ணாடிபோலக் கிடக்கும். எங்களுக்கு மழை பிடிக்கிற மாரியில், தை மாதமளவில், காலி, மாத்தறைப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும். ஒரு தீவுக்குள்ளேயே வருடம் முழுக்கப் படம் எடுக்கலாம். குழுக்களை இரண்டு கரைக்கும் மாற்றி மாற்றி அனுப்ப ஒரு நாட்காட்டி போட்டால் ஆட்களுக்குப் பன்னிரண்டு மாதமும் வேலை. 1962 இல் மைக் வில்சன் 'ரன்முத்து தூவ' படத்தை இங்கேதான் எடுத்தார். முதல் வர்ணச் சிங்களப் படம், கோணேசர் மலையடியில் நீருக்கடியில் காட்சிகள். இன்று அதே மலையில் படமெடுக்க எத்தனை கதவு தட்ட வேண்டும் தெரியுமா? கோட்டைக்குள் இராணுவம், பழைய கட்டடம் என்றால் தொல்பொருள் திணைக்களம், துறைமுகப் பக்கம் கடற்படை, புறாத்தீவு என்றால் வனசீவராசிகள் திணைக்களம், ட்ரோன் பறக்கவிட சிவில் விமான அதிகார சபையும் பாதுகாப்பு அமைச்சும். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. மாவட்டச் செயலகத்தில் ஒரே மேசை, ஒரே படிவம், இத்தனை நாளுக்குள் பதில் என்று ஆக்கினால் போதும். வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமில்லை, எங்கள் பெடியளின் குறும்படத்துக்கும் அதே மேசைதான் இருக்க வேண்டும்.

கல்லூரி பற்றி: இயக்குநர்களை உருவாக்குகிற கல்லூரி இப்போதைக்குத் தேவையில்லை. இயக்கம் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒலிப்பதிவாளர் இல்லை, படப்பிடிப்புக் கணக்கு எழுதத் தெரிந்தவர் இல்லை. கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் உப்புவெளிக் கடற்கரையில் காலை பத்து மணிக்குப் பிறகு வசனம் பதிய முடியாது. மைக்குக்கு ரோம உறை போட்டாலும் உள்ளே ஒரு உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வெயிலை நம்பி அந்த மாதங்களில்தான் எல்லோரும் இங்கே வருவார்கள். வசனக் காட்சியை விடியப்புறம் வைத்துவிட்டு, காற்று ஏறியதும் வசனம் இல்லாத காட்சிகளுக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஊரில் பழகிய ஒரு ஒலிப்பதிவாளர் வேண்டும். இப்போது அவர் கொழும்பிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வர வேண்டியிருக்கிறது. அவருக்கு எங்கள் காற்றும் தெரியாது, எங்கள் வசனமும் பாதிதான் விளங்கும். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கே ஆறு மாத ஒலிப்பதிவுப் பயிற்சியும் தயாரிப்பு நிர்வாகப் பயிற்சியும் தொடங்கப் புதுக் கட்டடம் தேவையில்லை.

படங்களைப் பாதுகாப்பதையும் முதல் வருடமே தொடங்க வேண்டும். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது மூலப் படச்சுருள்களும் சேர்ந்து எரிந்தன. இயக்குநர் கே. வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். எங்களுக்கு முன்னால் என்ன எடுத்தார்கள் என்று பார்க்க வழியில்லாமல்தான் என் வயதுக்காரர்கள் கமராவைத் தூக்கினோம். மிச்சமிருக்கும் பிரதிகளையாவது இப்போதே டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும், தள்ளிப்போட நேரமில்லை.

நிதி எங்கிருந்து வந்தாலும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு தேவை. அயர்லாந்து 1980களின் தொடக்கத்தில் திரைப்படச் சபை அமைத்தது, 1987 இல் செலவைக் குறைக்க மூடிவிட்டது. சபை மூடிக் கிடந்த காலத்தில் ஐரிஷ் படங்கள் ஒஸ்கார் வென்றன, பிறகு 1993 இல் திரும்பத் திறந்தார்கள். பணம் இருந்த நாட்டுக்கே ஆறு வருடம் போனது. எங்கள் நாட்டில் அமைச்சர் மாறும்போதெல்லாம் திட்டம் மாறினால் பத்தாண்டுத் திட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. டிக்கெட்டிலிருந்து வரும் பங்கு திறைசேரிக்குப் போகாமல் நேராக நிதியத்துக்குப் போக வேண்டும் என்று சட்டத்தில் எழுதினால்தான் அது நிலைக்கும்.

கடைசிக் கேள்வி, தமிழுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமா? கட்டாயம் வேண்டும். குறைந்தது நிதியின் கால்வாசி. தமிழ்ப் படங்களைத் தமிழ் தெரிந்தவர்கள் வாசித்துத் தெரிவுசெய்ய வேண்டும், திரைக்கதையை ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொல்லக் கூடாது. மலையகம், வடக்கு, கிழக்கு முஸ்லிம் ஊர்கள் எல்லாம் அந்தக் குழுவில் இருக்க வேண்டும். கிண்ணியாவின் பேச்சும் மூதூரின் பேச்சும் யாழ்ப்பாணத்துக் காதுக்கு வேறு மாதிரி. நிதி பெறும் ஒவ்வொரு படத்துக்கும் மற்ற மொழியில் உபதலைப்புப் போடும் செலவையும் அதே நிதி கொடுக்க வேண்டும், சிங்களப் படத்துக்கும் சேர்த்து.

இதையெல்லாம் கொழும்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிழக்கு மாகாண நிர்வாகமும் உள்ளூராட்சி மன்றங்களும் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், மட்டக்களப்பு, கல்முனை மண்டபங்களில் மாதம் ஒரு இலங்கைப் படத்தைக் காசுக்குக் காட்டலாம். களியாட்ட வரியை அந்தக் காட்சிகளுக்கு மட்டும் விட்டுக்கொடுத்து, முத்திரை குத்திய டிக்கெட் கணக்கைப் படம் எடுத்தவருக்கும் ஒரு பிரதி கொடுத்து, அதே எண்ணிக்கையை மண்டப வாசலிலும் ஒட்டி வைக்கலாம். புரொஜெக்டர் எங்களிடம் இருக்கிறது.