தாந்தேயின் படகுப் பாட்டு: நீங்கள் தேட வேண்டியது சங்கீதம் 114

வணக்கம். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘புர்கதோரியோ’ (இறந்த ஆன்மாக்கள் தூய்மை பெறும் மலையைப் பாடும் காவியப் பகுதி) இரண்டாம் காண்டத்தில் படகில் வரும் ஆன்மாக்கள் பாடும் சங்கீதம் 113-ஐத் தமிழ் பைபிளில் பார்த்தேன், எகிப்தே இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். தவறு உங்களுடையதல்ல. 113 என்பது வுல்காத்தா என்னும் லத்தீன் பைபிளின் எண். தமிழில் அது 114.

எகிப்தைவிட்டு இஸ்ரவேல் வெளியேறியதைச் சொல்லும் முதல் வரியை மட்டும் தாந்தே தருகிறார். மீதியையும் அவர்கள் பாடினார்கள் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். அன்றைய வாசகருக்கு அது போதும், முழுப் பாட்டும் மனப்பாடம். நமக்கு அப்படியில்லை, அதனால் மீதியையும் படியுங்கள். சங்கீதத்தில் கடல் விலகி ஓடுகிறது, மலைகள் துள்ளுகின்றன. தாந்தேயிடமோ அந்த ஆன்மாக்கள் கடலைக் கடந்து மலையடிவாரத்தில் வந்து இறங்குகிறார்கள்! அதுவும் ஈஸ்டர் காலையில். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இதே சங்கீதத்தை ‘கொன்விவியோ’ என்ற தன் உரைநடை நூலிலும் தாந்தேயே விளக்குகிறார்: எகிப்தைவிட்டு இஸ்ரவேல் வெளியேறுவது என்பது பாவத்தைவிட்டு ஆன்மா விடுதலையாவது.