ஆசனத்தில் இருக்கும்போதே மனம் அடுப்படிக்கு ஓடுகிறதே?

கேள்வி: எனக்கு வயது 46. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். ஆறு மாதமாகக் காலையில் யோகா செய்கிறேன். மனம் சமையல், ஆபீஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மூச்சைக் கவனித்தால் படபடப்பும் விரல் நுனியில் மதமதப்பும் வருகின்றன. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில் நிற்பதில்லை. இது மறதி நோயா, டாக்டர்?

பதில்: முதலில் அந்த மதமதப்பு. மூச்சைக் கவனிக்கச் சொன்னால் பலரும் தம்மை அறியாமல் அதை ஆழமாக இழுக்கத் தொடங்கிவிடுவார்கள். உடலின் தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன்-டை-ஆக்சைடு குறையும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு படபடக்கும். அதற்குப் பயந்து இன்னும் வேகமாக இழுத்தால் எல்லாமே கூடும். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, மூச்சு வந்து போவதை மட்டும் பாருங்கள், திருத்தாதீர்கள். பழகிய பிறகு 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விடலாம். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி வைத்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடம் போதும். நடுவில் அடக்க வேண்டாம். அப்போதும் படபடத்தால் மூச்சைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். யோகா செய்யாத நேரத்திலும் படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

மனம் ஓடுவது குறையல்ல. ஓடிவிட்டதைக் கண்டுபிடித்து அழைத்துவருவதுதான் பயிற்சியே. பத்து முறை ஓடினால் பத்து முறை பயிற்சி கிடைத்தது என்று கணக்கு. ஆனால் ‘கவனமாக இரு’ என்று பொதுவாகச் சொன்னால் மனதுக்குப் பிடிமானம் இருக்காது. நேராக நிற்கும் தாடாசனத்தில் எடை குதிகாலில் விழுகிறதா, விரல்களிலா என்று பாருங்கள். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் தொடையின் பின்பக்கம் இழுவை தெரிய வேண்டும். அது சுரீரென்று காலில் இறங்கினால் உடனே தளர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் 5 மூச்சு எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து.

ரத்த அழுத்தம் இருப்பதால் வேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம், தலைகீழாக நிற்கும் சிரசாசனம் வேண்டாம். குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிராதீர்கள், சில மாத்திரைகளோடு தலைசுற்றும். மல்லாந்து படுக்கும் சவாசனம் முடிந்ததும் ஒருக்களித்துச் சற்றுப் படுத்திருந்து, பிறகு கையூன்றி எழுங்கள். யோகா செய்வதால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

அடுப்பு விஷயம் மறதி நோய்போலத் தெரியவில்லை. கை பழக்கத்தில் திருகியது, மனம் வேறெங்கோ இருந்தது; பதியாததை எப்படி நினைவுகூர முடியும்? திருகும்போது ‘அணைச்சாச்சு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பூட்டுக்கும் இதே வழி. வீட்டில் கேலி செய்தால் செய்யட்டும். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஸின் என்பவர் தொடங்கிய, செய்வதில் மனதை வைக்கப் பழக்கும் 8 வாரப் பயிற்சியில் ஒற்றை உலர்திராட்சையை நிதானமாகத் தின்னச் சொல்வார்கள். உங்களுக்குத் திராட்சை தேவையில்லை. மதியச் சாப்பாட்டின் முதல் மூன்று வாயைப் போனும் டி.வி.யும் இல்லாமல், சூடும் புளிப்பும் தெரிய மென்று விழுங்குங்கள். நாள் முழுக்க விழிப்போடு இருக்கப் பார்க்காதீர்கள். இரண்டாம் நாளே சலித்துவிடும்.

தூக்கம் குறைந்தாலும் கவனம் சிதறும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் மாற்றங்களும் சேர்ந்துகொள்ளும். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தெரிந்த வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய சமையலின் செய்முறை குழம்புவது ஆகியவை இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அணைத்தது தெரிந்தும் மனம் ஆறாமல் பலமுறை போய்ப் பார்க்கிறீர்கள் என்றால், அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.