மூச்சை அடக்க வேண்டாம்: ஸ்கூபா பழக நினைக்கும் வடசென்னை வாசகர்களுக்கு

கேள்வி: காசிமேட்டில் படகுத் தொழில் செய்கிறேன். சிக்கிய வலையை எடுக்க மூச்சடக்கி மூழ்கிப் பழக்கம் உண்டு. காற்றுச் சிலிண்டருடன் மூழ்கும் ஸ்கூபாவுக்கு இது உதவுமா?

பதில்: தண்ணீர் பயமின்மை உங்களுக்குப் பெரிய மூலதனம்; ஆனால் மூச்சடக்கும் பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். மூச்சடக்கி மூழ்குபவரின் நுரையீரலில் இருப்பது மேலே இழுத்த காற்று. அது ஆழத்தில் சுருங்கினாலும், மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. சிலிண்டரில் சுவாசிப்பவரோ, 10 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு அழுத்தமுள்ள காற்றை நெஞ்சு நிறைய இழுப்பதால், அதை அடக்கிக்கொண்டு மேலேறினால் அது இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடலாம். நீச்சல் குளத்து ஆழத்திலேயே இது நேரக்கூடும். அதனால்தான், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கும் பயிற்சியின்போதுகூட, உதடுகளுக்கிடையே சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறோம். என் அனுபவத்தில், நீச்சல் தெரியாதவரைவிட நன்றாக மூழ்கத் தெரிந்தவருக்கே இதை மீண்டும் மீண்டும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. அந்தமானில் முயலலாமா? (தண்டையார்பேட்டை)

பதில்: பயிற்றுநர் உடன் வரும் அறிமுக முக்குளிப்புக்குப் பொதுவாக நீச்சல் கட்டாயமில்லை, அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். ஹேவ்லாக் தீவின் நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் மணற்கரையிலிருந்து நடந்தே இறங்கலாம் என்பதால், படகிலிருந்து குதிக்கும் பதற்றமும் இல்லை. சான்றிதழ்ப் படிப்புக்குத்தான் 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிட மிதப்பும் தேவை.

கேள்வி: எண்ணூரிலேயே ஏன் கூடாது?

பதில்: நாம் பார்க்க இறங்குவது பவளத்தை; அதற்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும். முகத்துவாரத்துக் கலங்கல் நீரில் அது கிடைக்காது. உங்கள் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. துறைமுகக் கப்பல் போக்குவரத்து வேறு.

கேள்வி: சளி இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? (திருவொற்றியூர்)

பதில்: வேண்டாம். இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, வலி தொடங்கும் முன்பே காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். சளி, மூக்கின் பின்புறத்தையும் காதையும் இணைக்கும் குழாயை அடைத்துவிடும். மாத்திரையால் திறந்த வழி, மருந்தின் வேகம் தணிந்ததும் ஆழத்திலேயே மீண்டும் அடைத்துக்கொண்டால், மேலேறுவதே வேதனையாகிவிடும்.

கேள்வி: காலையில் முக்குளித்துவிட்டு மாலை விமானத்தில் சென்னை திரும்பலாமா? (இராயபுரம்)

பதில்: கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரமும் இடைவெளி தேவை. ஆகவே கடலைப் பயணத்தின் முதல் நாட்களிலும், கடைத்தெருவைக் கடைசி நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள்.