யார்கிட்ட சொல்ல? வாசகர் கேள்விகளும் ஒரு மருத்துவரின் பதில்களும்

மாத்திரை, டெஸ்ட் பற்றிக் கேட்டவர்களைவிட, வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டவர்கள்தான் இந்த முறை அதிகம். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே வந்து நிற்கும். அதனாலேயே சொல்லப் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது. பெயர்களை எடுத்துவிட்டேன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

முக்கூடல் வாசகி: எனக்கு 43 வயசு. பீடி சுத்துதேன். இடது மார்புல ரெண்டு மாசமா ஒரு கட்டி தட்டுப்படுது. வலி இல்ல. அவுக கொல்லத்துல வேலை பாக்காக. மக பிளஸ் டூ படிக்கா. அடுத்த மாசம் எங்க கோயில் கொடை விழா. அது முடியட்டும்னு இருக்கேன். யார்கிட்டயும் சொல்லல.

கொடைக்குக் காத்திருக்காதீர்கள், அம்மா. வலி இல்லையே என்று ஆறுதல் பட்டுக்கொள்ளவும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் கிடையாது. நீர்க்கட்டியாக இருக்கலாம், நார்க்கட்டியாக இருக்கலாம். எதுவென்று தடவிப் பார்த்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதி பயம் குறையும். முதலில் டாக்டர் கையால் சோதிப்பார். பெண் டாக்டரோ நர்ஸோ கூட இருக்க வேண்டும் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அடுத்து மேமோகிராம், தேவைப்பட்டால் ஸ்கேன். அதிலும் சந்தேகம் இருந்தால் ஊசி வைத்துத் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த இடத்தை மரக்க வைத்துத்தான் எடுப்பார்கள். பீடிக்கடையில் கட்டைக் கொடுத்துவிட்டு இலைக்கும் தூளுக்கும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் யாராவது "ஊசி குத்துனா பரவிரும்" என்பார்கள். அப்படிப் பரவாது. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்ட மாதங்கள்தான் கெடுதல் செய்யும்.

இனி, யாரிடம் சொல்வது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஓர் ஆள் போதும். மதினியோ, கூட உட்கார்ந்து பீடி சுற்றுகிறவரோ. ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்றால், கேட்டதும் அழாதவர், காலையில் பஸ் ஏற வரக்கூடியவர், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர். பாசம் அதிகம் உள்ளவர்தான் சரியான ஆள் என்று இல்லை. சொல்லும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மார்புல ஒரு கட்டி இருக்கு. வெள்ளிக்கிழமை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க கூட வரணும், டாக்டர் சொல்லுறத நீங்களும் கேக்கணும்." விஷயம், நாள், அவர் செய்ய வேண்டியது, மூன்றும் அதில் வந்துவிடும். "எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் பயம்தான் வரும்; என்ன செய்வதென்று தெரியாது.

கொல்லத்தில் இருக்கிறவருக்கு ரிசல்ட் வந்தபிறகு சொல்லலாம் என்று நினைப்பீர்கள். என் அபிப்பிராயம், டெஸ்டுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். சின்ன விஷயமாகச் சொல்ல முடிகிற நாள் அதுதான். பிறகு சொன்னால் "இத்தனை நாள் ஏன் மறைச்ச" என்ற கோபமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளனவே கிளம்பிவிடுங்கள், ரேஷன் கார்டு, ஆதார், பழைய சீட்டுகள் ஒரு பைக்குள் இருக்கட்டும். மகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று நீங்கள் மறைத்தாலும், உங்கள் முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்திருப்பாள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: அப்பாவுக்கு 71 வயது. வெற்றிலை, புகையிலை பழக்கம் உண்டு. வாயில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. "அவர்ட்ட சொன்னா மனசு விட்டுருவாரு" என்று அம்மா, சித்தப்பா எல்லாரும் தடுக்கிறார்கள். வாய்ப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். சரியா?

எவ்வளவு நாள் ஓட்டுவீர்கள்? கதிர்வீச்சு சிகிச்சைக்குக் கூட்டிப்போனால் அங்கே மாட்டியிருக்கும் போர்டைப் படிப்பார். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் "உங்களுக்கு எங்க?" என்று கேட்பார். வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட மகன் சொல்லித் தெரிந்துகொள்வது மேல்.

போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவரைக் கேளுங்கள். "இது என்னன்னு நீங்க நெனைக்கீங்க, அப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இப்படிக் கேட்ட வீடுகளில் பல பெரியவர்கள் "அந்த வியாதிதானே" என்று அவர்களாகவே சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டார் மறைத்தார்கள், அவரும் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார், அவ்வளவுதான். சிலர் "டாக்டர்ட்ட நீ பேசிக்கோ, எனக்கு ஒன்னும் சொல்லாத" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவு; அதை மதியுங்கள். ஆனால் அந்த முடிவை அவருக்காக சித்தப்பா எடுக்கக் கூடாது. வயல் விவகாரம் இருக்கும், பத்திரம் இருக்கும், பேசாமல் விட்ட தங்கையோ தம்பியோ இருப்பார். அதற்கெல்லாம் அவருக்கு நேரம் வேண்டாமா?

"மனசு விட்டுருவாரு" என்பதில் உண்மை கொஞ்சம் உண்டு. கேட்ட முதல் சில நாட்கள் சோறு இறங்காது, பேச்சு குறையும். அந்த நாட்களில் வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தனிமையும் வலியும்தான் ஆளை அதிகம் உடைக்கும். வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. வலி கடுமையாகும்போது டாக்டர் கணக்குப் பார்த்துத் தரும் மார்ஃபின் (morphine) என்ற வலி மாத்திரை உண்டு. "அது கடைசி நேரத்து மருந்து, அடிமையாக்கிரும்" என்ற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்குங்கள். புகையிலையை இப்போதாவது நிறுத்தினால் சிகிச்சைக்கு நல்லது. அதற்காக "அன்னைக்கே சொன்னேன்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

வள்ளியூர் வாசகி: வீட்டுக்காரருக்கு கிட்னி ரெண்டும் போய், வாரம் மூணு நாள் டயாலிசிஸ். வர்றவுக எல்லாரும் ஒரு யோசனை சொல்லுதாக. ஒருத்தர் இளநி கொண்டாருதாரு, இன்னொருத்தர் கஷாயம். வேண்டாம்னா கோவிச்சுக்கிடுதாக. எனக்குத் தூக்கமே இல்ல.

இளநீரைப் பற்றி முதலில். கிட்னி வேலை செய்யாதவருக்கு இளநீர் ஆபத்து. அதில் பொட்டாசியம் அதிகம். ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். வாழைப்பழம், ஆரஞ்சு ஜூஸுக்கும் இதே கதைதான். பதநீரும் அந்தக் கணக்கில்தான் வரும். கஷாயத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. உங்கள் பேச்சு எடுபடவில்லை என்றால் பழியை டாக்டர் மேல் போடுங்கள்: "டாக்டர் சீட்டுல எழுதிக் கொடுத்திருக்காரு, நான் கொடுத்தா மிஷின்ல போடமாட்டாங்களாம்." பொய்தான், ஆனால் உறவு கெடாமல் இளநீர் திரும்பிப் போய்விடும்.

தண்ணீர் விஷயம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். காபி, ரசம், மோர் குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலில் இருந்து கொட்டிவிட வேண்டும். கண்ணுக்கு முன்னால் குறைவது தெரிந்தால் அவரே சுதாரித்துக்கொள்வார். உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் மறந்துவிட வேண்டியதுதான்.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்டிருப்பார்கள். தினமும் காலையில் அதன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் பூனை உறுமுவது போலக் குறுகுறுவென்று ஓடும். அந்த ஓட்டம் நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க, ரத்தம் எடுக்க யாரையும் விடக் கூடாது. கனமான பையும் அந்தக் கையில் வேண்டாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அது கிடைக்கும்; டயாலிசிஸும் அதில் அடங்கும். இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, ரேஷன் கார்டோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள்.

இப்போது உங்கள் தூக்கம். வந்து யோசனை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே உதவி செய்ய ஆசை. எதைச் செய்வதென்று தெரியாமல் இளநீரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். "கொழுந்தனாரே, புதன்கிழமை நீங்க கூட்டிட்டுப் போயிட்டு வந்திருங்க." "அக்கா, சனிக்கிழமை பிள்ளைகளுக்கு மதியச் சோறு உங்க வீட்ல." இப்படிப் பெயர் சொல்லி, நாள் சொல்லிக் கேட்டால் முடியாது என்பவர் குறைவு. முடியாது என்றாலும், அவரிடம் இனிமேல் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மிஷினில் அவர் படுத்திருக்கும் அந்த நாலு மணி நேரத்தில் ஒரு நாளாவது உங்கள் சர்க்கரையையும் பிரஷரையும் அதே ஆஸ்பத்திரி ஓ.பி.யில் பார்த்துவிட்டு வாருங்கள். பல வீடுகளில் பார்க்கிறேன், நோயாளியைக் கவனிப்பவரின் பிரஷர் மாத்திரைதான் முதலில் நின்றுபோகிறது.

பாளையங்கோட்டை வாசகர்: வயது 27. வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை மரத்துப்போகிறது. மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். போனில் தேடினால் ஹார்ட் அட்டாக் என்றே வருகிறது.

மூன்று ஈ.சி.ஜி. நார்மல் என்பது நல்ல சேதி. தைராய்டு, ரத்த அளவு இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அதோடு டெஸ்டை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டெஸ்டும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் சந்தேகம் இன்னும் பெரிதாக வரும்.

இது பதற்ற நோயாக இருக்கலாம். "ஒன்னுமில்ல, மனசுதான்" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். படபடப்பு நிஜம், அதற்கு மருத்துவமும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். 2022-இல் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் தமிழில் பேசலாம். நடந்தால் அல்லது மாடி ஏறினால் நெஞ்சு அழுத்தி, உட்கார்ந்தால் விடுவது, வேர்த்துக் கொட்டி வலி தாடைக்கோ கைக்கோ பரவுவது, மயங்கி விழுவது, இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் யோசிக்காமல் 108. இரவில் போனைப் படுக்கையில் வைக்காதீர்கள். முடிகிறதா பாருங்கள்.

சேரன்மகாதேவி வாசகி: மகளுக்கு வலிப்பு நோய் உண்டு. மாத்திரையில் மூன்று வருடமாக வரவில்லை. வரன் வந்திருக்கிறது. சொன்னால் தட்டிப்போகும். மறைக்கலாமா?

மறைக்காதீர்கள். நான் நீதி பேசவில்லை. மறைத்துக் கட்டிக் கொடுத்தால் புதுப்பெண் என்ன செய்வாள் தெரியுமா? மாத்திரை அட்டையைச் சேலைக்கு அடியில் ஒளிப்பாள். விருந்து, கோயில், உறவுக்காரர் வீடு என்று அலையும்போது ஒரு வேளை விடுவாள், பிறகு இரண்டு வேளை. தூக்கமும் குறையும். மூன்று வருடமாக வராத வலிப்பு அப்போது வரும், அதுவும் மாமியார் வீட்டில் வைத்து.

வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய ஒருகாலத்தில் இந்து திருமணச் சட்டத்தில் இடம் இருந்தது. 1999-இல் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். நோயை மறைத்ததைக் காரணமாக்கி வழக்குப் போடுவது வேறு விஷயம். அந்த வாய்ப்பை நீங்களே ஏன் கொடுக்க வேண்டும்? பேச்சு முற்றும் முன், பையனிடம் உங்கள் மகளே நேராகச் சொல்லட்டும். டாக்டரிடம் அவரையும் ஒரு முறை கூட்டிப் போங்கள். விலகிப் போகிறவர் இப்போதே போகட்டும்.

கட்டாயம் செய்ய வேண்டியது இன்னொன்று. இப்போது சாப்பிடும் மாத்திரை எது என்று பாருங்கள். சோடியம் வால்ப்ரோயேட் என்றால், கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. கல்யாணத்துக்கு முன்பே நரம்பு டாக்டரிடம் கேட்டு மாற்ற முடியுமா என்று பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஃபோலிக் அமில (folic acid) மாத்திரை பற்றியும் அப்போதே கேளுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காதது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைப்பது, இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரிய வேண்டும். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பலனும் இல்லை.

மானூர் வாசகர்: டி.பி. என்று மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் தட்டு, தம்ளர் தனியாக வைத்துவிட்டார்கள்.

டி.பி. இருமலில் காற்று வழியாகப் பரவும். தட்டில், தம்ளரில் பரவாது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்து, ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த முறை சளிப் பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் அதிகம் பயப்படுகிறவரைக் கூடக் கூட்டிப்போய், சுகாதாரப் பணியாளர் வாயாலேயே இதைச் சொல்ல வையுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பரிசோதிக்க வேண்டும். ஆறு மாதமும் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதம் உடம்பு தேறி எடை ஏறும்போதுதான் பலர் நிறுத்துகிறார்கள். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் டி.பி. பிரிவில் பாஸ்புக் நகலைக் கொடுத்துக் கேளுங்கள்.

பேட்டை வாசகர்: நண்பருக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். பார்க்கப் போகணும். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

அதிகம் பேச வேண்டாம். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசத்துல..." என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். கால் மணி நேரம் இருங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், ஆபரேஷன் செய்த இடத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில், கிளம்பும்போது அவர் மனைவியிடம் கரண்ட் பில், கேஸ், ரேஷன் இதில் எது பாக்கி இருக்கிறது என்று கேட்டு, ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.