செவலையின் கோபம்

அன்புள்ள அக்கா,

உங்கள் குதிரைக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஆறு வயதுச் செவலைக் குதிரை ஒன்றை வாங்கினேன். கத்தியவார் இனப் பெட்டை. உடம்பில் மயிர்ச்சுழி பார்க்கத் தெரிந்த பெரியவரைக் கூட்டிப்போய்த்தான் வாங்கினேன். பத்துப் பன்னிரண்டு நாள் சாதுவாக, குழந்தை மாதிரி இருக்கிறாள். திடீரென்று ஒருநாள் சேணத்தின் வயிற்று வாரை இறுக்கப் போனால் திரும்பிக் கடிக்க வருகிறாள். ஏறினால் வாலைச் சுழற்றுகிறாள். தென்னந்தோப்பு முனையில் நின்றுவிடுகிறாள், உதைத்தால் பின்னாலேயே போகிறாள். பழக்க வந்தவர், "பொட்டைக் குதிரைன்னாலே இப்படித்தான் தம்பி, நாலு சாத்துனா சரியாயிடும்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. வர்ற ஆடிக்கு விற்றுவிடலாமா?

ச., உடுமலைப்பேட்டை

அன்புள்ள ச.,

"பொட்டைன்னாலே இப்படித்தான்" என்பதை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன், குதிரையைப் பற்றி மட்டும் அல்ல. அப்படிச் சொன்னவர்கள் அதற்குமேல் எதையும் பார்த்ததில்லை. சாத்த வேண்டாம்.

குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். கொம்பு இல்லாததால் காது, வால், பல் என்று இருப்பதை வைத்துச் சொல்கிறது. உங்கள் செவலையும் எதையோ சொல்கிறாள். 'பத்துப் பன்னிரண்டு நாள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சரியாக எண்ணினீர்களா? பெட்டைக்குப் பருவச் சுற்று ஏறக்குறைய 21 நாள், அதில் 5 முதல் 7 நாள் இணைசேரும் சூட்டில் இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டை லாயத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். முரண்டு பிடித்த நாளையெல்லாம் குறியுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வாலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுகிற நாட்களில்தான் இந்தக் கோபம் என்றால் அந்த வாரம் லேசான வேலையோடு விட்டுவிடுங்கள். கணக்கே இல்லாமல் வந்தால் எங்கோ வலிக்கிறது. சுற்றே நின்றுபோய், ஆண்குதிரை மாதிரி மற்றப் பெட்டைகள்மேல் ஏறப் பார்க்கிறாள் என்றால் தாமதிக்காதீர்கள். சூலகத்தில் கட்டி வந்தால் அப்படி ஆவதுண்டு. கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்று வார் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் வயிற்றுக்குள் புண். குதிரையின் வயிற்றில் அமிலம் 24 மணி நேரமும் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். நாள் முழுக்க மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. நாமோ காலையில் கொள்ளு, சாயங்காலம் கொள்ளு, நடுவில் வெறும் தரை என்று கட்டிவைக்கிறோம். காலி வயிற்றோடு ஓட்டினால் அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கும். அந்த இடத்தில் வாரை இறுக்கினால் நானும் கடிப்பேன். ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் இரண்டு பிடி குதிரை மசால் தழை கொடுத்துப் பாருங்கள். வாரையும் ஒரே இழுப்பில் இறுக்காமல் மூன்று தடவையாக, நடுவில் நாலு எட்டு நடத்தி இறுக்குங்கள்.

சேணத்தையும் சந்தேகப்படுங்கள். என்னிடம் முதலில் இருந்த பெட்டையைத் திமிர் பிடித்தவள் என்று நான்கு மாதம் திட்டியிருக்கிறேன், ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். ஒருநாள் முதுகைத் தேய்க்கையில் தோளுக்குப் பின்னால் என் கட்டைவிரல் பட்டதும் தோல் ஈ உட்கார்ந்த மாதிரி சிலிர்த்தது. மறுபடி அழுத்தினேன், முதுகைக் கீழே வாங்கினாள். சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் இடப்பக்கத்து உள்பஞ்சு கட்டி தட்டிப்போய்க் கல்லாகக் கிடந்தது. கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளை முடி முளைத்தது. கடைசிவரை அது மாறவில்லை.

தோப்பு முனைக்கு வருவோம். வெயிலிலிருந்து நிழலுக்குள் போனால் குதிரையின் கண் பழக நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். தரையில் வரிவரியாகத் தென்னை நிழல் வேறு. அவள் நிற்கிறாள். நீங்கள் பயத்தில் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே குதிகாலால் உதைக்கிறீர்கள், சரிதானே? கால் போ என்கிறது, கை நில் என்கிறது. பாக்கி இருப்பது பின்பக்கம் ஒன்றுதான். கையைத் தளர்த்துங்கள், பார்க்கட்டும். முதல் இரண்டு நாள் இறங்கி, பக்கத்தில் நடந்தே கூட்டிப்போங்கள்.

இப்படித் தொட்டாற்சிணுங்கியாக இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. ஜெர்மனியின் ஹல்லா என்ற பெட்டையைச் சிலர் சரிப்படாது என்று கைவிட்டிருந்தார்கள். 1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தாலும், ஆஸ்திரேலியாவின் தொற்றுத்தடைச் சட்டத்தால் குதிரைப் போட்டிகளை ஸ்டாக்ஹோமில் வைத்தார்கள். தடை தாண்டும் போட்டியின் முதல் சுற்றிலேயே ஹல்லாமீது இருந்த ஹான்ஸ் குந்தர் விங்க்லருக்குத் தொடையிடுக்கில் தசை பிடித்துவிட்டது. இரண்டாவது சுற்றில் வலியில் அவரால் ஒழுங்காக உட்காரவே முடியவில்லை. ஹல்லா ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் சுற்றை முடித்தாள். தனிநபர், அணி இரண்டிலும் தங்கம். சேணத்தில் ஒரு மடிப்பு இருந்தாலே எரிச்சல்படுகிற தோல்தான், ஏறியவன் பாரம் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் உணரும்.

உங்கள் செவலை ஹல்லா ஆவாள் என்று சொல்லவில்லை. சுழி நன்றாக இருந்தாலும் வயிற்றுப் புண்ணைச் சுழி காட்டாது, அவ்வளவுதான். விற்பதைப் பற்றி மூன்று சுற்று நோட்டு எழுதியபின் பேசலாம். கடிக்க வருவதற்கு முன் எந்தக் காது முதலில் பின்னால் மடங்குகிறது? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.